புல்வெளியிலே ஓர் இரும்பு மனிதன்

சித்திரக்கதைகளைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையிலே எழுதுவதா எனச் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். கூத்தையும் நாட்டார் பாடலையும் பாமரர் விடயமென ஒதுக்கிவைத்த பண்டித மனப்பான்மை எம்மிடையே இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் கோடிக்கணக்கான சிறுவர்கள் எதனை வாசித்து வளர்ந்தார்கள், எதனைக் கண்டு கை தட்டினார்கள் என்பதை அறிய விரும்பாதவன் சமுதாயத்தைப் பற்றிப் பேசும் தகுதியைப் பாதி இழந்துவிடுகிறான் என்றே நாம் கருதுகிறோம். பாடநூல்கள் புகட்டிய வரலாற்றைப் பலர் பரீட்சையோடு மறந்துவிடுகின்றனர். ஆனால் குதிரையும் துப்பாக்கியும் இறகுத் தலைப்பாகையும் கொண்ட வரலாறு எவர் மனத்தையும் விட்டு அகல்வதில்லை.

நாமும் அவ்வாசகர் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. இரும்புக்கை மாயாவி தமிழ் பேசினான். 1970களின் முற்பகுதியிலே இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி இலங்கையில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால், எப்படியோ வந்துசேர்ந்த ஒரு பிரதி பத்து வீடுகளைச் சுற்றி வரும். அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமற்போன நிலையில் எம் கைக்கு வந்த கதைகளின் முடிவை நாமே கற்பனை செய்துகொண்டோம். (எழுத்துப் பயிற்சி என்று ஒன்று எமக்குக் கிடைத்ததாயின் அது அங்கேதான் கிடைத்தது.) பின்னர் 1984இல் லயன் காமிக்ஸ் தோன்றியது. இத்தாலியின் டெக்ஸ் வில்லரும், கப்டன் டைகர் என்ற தமிழ்ப் பெயரோடு பிரெஞ்சு மொழியின் புளூபெரியும் அமெரிக்க மேற்கின் பாலை நிலங்களை எமது திண்ணைக்கே கொண்டுவந்தனர். ஒரு வாரம் விஞ்ஞான விந்தை, மறு வாரம் குதிரைவீரன். இரண்டையும் ஒரே ஆவலோடு வாசித்தோம். இவ்விரண்டும் ஒரே கதையில் இணைந்த வகையொன்று உண்டு என்பதையும், அவ்வகை குதிரைவீரனின் சித்திரக்கதையைவிட மூத்தது என்பதையும் வெகுகாலம் கழித்தே அறிந்தோம். அவ்வகையைப் பற்றியதே இக்கட்டுரை.

இதனை எழுதத் தூண்டியது ஒரு மாணவனின் கேள்வி. ஓய்வுப் பாடவேளையிலே பழைய டெக்ஸ் புத்தகமொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "சேர், இந்தச் செவ்விந்தியர் எங்கட இந்தியாவிலயிருந்து போன ஆக்களோ?" என்றான். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கொலம்பஸின் புவியியற் பிழை ஐந்நூறு ஆண்டுகளின் பின்னரும் ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் உயிரோடு குடியிருக்கிறது. தோலின் நிறத்தை முன்னொட்டாக ஏற்றி, ஒரு கண்டத்தின் நூற்றுக்கணக்கான இனங்களை ஒரே பெயருக்குள் அடைத்துவிட்டோம். ஆனால் அப்பையனின் கேள்விக்கு வேறொரு விடையும் உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம்.

முதலிலே நூலுக்கு வருவோம். 1868ஆம் ஆண்டு ஓகஸ்டில் நியூயோர்க்கிலே பத்துச் சத நாவலொன்று வெளிவந்தது. அதன் பெயர் 'புல்வெளிகளின் நீராவி மனிதன்'. எழுதியவர் எட்வேர்ட் எலிஸ். இவர் ஓர் ஆசிரியர். பள்ளிக்கூட நிருவாகத்திலும் இருந்தவர். எம் தொழிலைச் சேர்ந்த இம்மனிதரே அமெரிக்க விஞ்ஞானச் சாகசக் கதையின் தந்தையருள் ஒருவர் என்பது ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு செய்தியாகட்டும்.

கதை எளிது. ஜொனி பிரெய்னார்ட் என்ற கூன் விழுந்த சிறுவன் பத்தடி உயர இரும்பு மனிதன் ஒன்றைச் செய்கிறான். அதன் வயிறு கொதிகலன். தலையிலுள்ள உயர்ந்த தொப்பியே புகைபோக்கி. பின்னால் ஒரு வண்டி. அதிலே விறகும் மனிதரும் ஏறிக்கொள்ள, இரும்பு மனிதன் வண்டியை இழுத்துக்கொண்டு மேற்கு நோக்கி ஓடுகிறான். அங்கே பொன் கிடைக்கிறது. பொன்னைத் தோண்டுவோரை ஆதிக்குடிகள் சூழ்ந்துகொள்கின்றனர். இறுதியில் கொதிகலனின் அழுத்தத்தை எல்லை மீறி ஏற்றி, இரும்பு மனிதனை அவர்கள் நடுவே செலுத்தி வெடிக்கச் செய்துவிட்டு, பொன்னோடு தப்புகின்றனர் நாயகர்கள்.

இது முழுக் கற்பனையன்று. அவ்வாண்டு மார்ச்சிலே நியூ ஜேர்சி மாநிலத்து நெவார்க் நகரைச் சேர்ந்த சடொக் டெடெரிக் என்ற இளைஞரும் அவருடைய கூட்டாளியும் நீராவியால் நடக்கும் மனித உருவத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். ஏழே முக்கால் அடி உயரமும் ஐந்நூறு இறாத்தல் நிறையும் கொண்டது அது என அக்காலப் பத்திரிகைச் செய்தி கூறியது. உண்மையான இயந்திரம் அதிக தூரம் நடந்ததாகத் தெரியவில்லை. நாவலின் இயந்திரமோ புல்வெளிகளைக் கடந்து ஓடியது.

எலிஸ் தமது இயந்திரத்தை வருணித்த விதத்தை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இரும்பு முகத்துக்குக் கறுப்பு வர்ணம் பூசப்பட்டிருக்கிறது. அச்சமூட்டும் கண்கள். பெரிதாகப் பல்லிளிக்கும் வாய். வண்டியிலிருக்கும் எசமான் கடிவாளம் போன்ற கருவியைப் பிடித்து இழுத்தவுடன் அது ஓடும், நிறுத்தியவுடன் நிற்கும். கூலி கேளாது, ஓய்வு கேளாது, தப்பியோட முயலாது. அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865இல். மூன்றே ஆண்டுகளின் பின்னர், விடுதலை கேட்காத கறுப்பு உழைப்பாளி ஒருவனைக் கற்பனை இரும்பிலே வார்த்துக்கொண்டது. எழுத்தாளர் இதனை எண்ணித் திட்டமிட்டு எழுதினாரா என்று கேட்பது வீண். ஒரு வர்க்கத்தின் ஏக்கங்கள் அதன் எழுத்தாளரைக் கேட்டுக்கொண்டு கதைக்குள் நுழைவதில்லை.

அதே காலத்தில் மேற்கிலே உண்மையாக நடந்தது யாது? 1867 யூனிலே, சியேரா நெவாடா மலைகளைக் குடைந்து புகையிரதப் பாதை அமைத்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் வெள்ளையருக்குச் சமமான கூலியும் குறைந்த வேலை நேரமும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். கம்பனி அவர்களுடைய உணவு விநியோகத்தை நிறுத்தியது. மலையுச்சியிலே பட்டினி கிடந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவர்கள் வேலைக்குத் திரும்ப நேர்ந்தது. 1869 மே 10ஆம் நாள் யூட்டாவிலே இரு பாதைகளும் இணைந்தபோது எடுக்கப்பட்ட பிரசித்தி பெற்ற புகைப்படத்திலே அவர்களின் முகங்களைத் தேடிப் பாருங்கள். அந்தப் படத்துக்கும் எலிஸின் நாவலுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் நீராவி தெரிகிறது. நீராவிக்குப் பாதை போட்டவன் தெரிவதில்லை.

இன்னொன்று. 1868 ஏப்ரல் 29ஆம் நாள், அதாவது காப்புரிமைக்கும் நாவலுக்கும் இடைப்பட்ட மாதங்களிலே, லரமி கோட்டையில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தானது. கருங்குன்றுகள் உட்பட்ட பெருநிலம் லக்கோட்டா மக்களின் தனியுரிமை நிலமென ஐக்கிய அமெரிக்க அரசு எழுதிக் கொடுத்தது. 1874இல் கஸ்டரின் படைப்பிரிவு அக்குன்றுகளிலே பொன்னைக் கண்டது. 1876இல் லிற்றில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையிலே கஸ்டர் மாண்டார். 1877இல் சட்டமொன்றின் மூலம் குன்றுகள் பறிக்கப்பட்டன. உடன்படிக்கை, பொன், வெடி, பறிப்பு. பத்துச் சத நாவலின் கதையமைப்பு இதுவேயன்றோ! நாவல் விட்டுவிட்டது உடன்படிக்கையை மட்டுமே.

விஞ்ஞானம் மேற்கெல்லைக்கு அந்நியமானது, அதனைக் கதாசிரியர்களே வலிந்து கொண்டுசென்றனர் என்ற எண்ணம் சரியன்று. மேற்கை வென்றது தனிவீரனின் துப்பாக்கியெனச் சினிமா காட்டுகிறது. ஆனால் 1861இல் கண்டத்தைக் கடந்த தந்திக் கம்பியும், பின்வந்த புகையிரதமும், 1874இல் காப்புரிமை பெற்ற கிளிடனின் முட்கம்பியும் சாதித்தவற்றை ஆயிரம் குதிரைவீரர் சாதித்திருக்க முடியாது. காட்டெருமையின் கதை எல்லாவற்றிலும் துயரமானது. 1870களின் தொடக்கத்தில் அதன் தோலைப் பதனிடும் முறை கைகூடியதும், கிழக்கிலுள்ள தொழிற்சாலைகளின் இயந்திரங்களைச் சுழற்றும் பட்டிகளுக்கு அத்தோல் விலைபோயிற்று. கோடிக்கணக்கிலே மேய்ந்த விலங்கு 1880களின் முடிவிலே ஆயிரத்துக்கும் குறைவாகச் சுருங்கியது. அதனையே நம்பி வாழ்ந்த மக்கள் பட்டினியால் ஒதுக்கிடங்களுக்குள் தள்ளப்பட்டனர். சமவெளி மக்களின் உணவு, ஓர் ஆலையின் சக்கரத்தில் பட்டியாகச் சுழன்றது. இதைவிட விந்தையான விஞ்ஞானக் கதையை எலிஸ் எழுதவில்லை. 1890 டிசெம்பர் 29ஆம் நாள் வூண்டட் நீ என்னுமிடத்திலே லக்கோட்டா ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்று குவிக்க, நான்கு ஹொட்ச்கிஸ் பீரங்கிகளும் பயன்பட்டன. அவையும் அக்காலத்தின் நவீன கண்டுபிடிப்புக்களே.

எலிஸின் வெற்றியைக் கண்ட இன்னொரு பதிப்பகம் 1876இல் பிராங்க் ரீட் என்ற வீரனைப் படைத்தது. அவன் மகன், இளைய பிராங்க் ரீட், நீராவிக் குதிரையிலும் மின்சார வண்டியிலும் ஆகாயக் கப்பலிலும் ஏறி உலகைச் சுற்றினான். அக்கதைகளிற் பெரும்பாலானவற்றை எழுதிய லூயி செனரென்ஸ், கியூப வழிவந்த புரூக்ளின் இளைஞர். அவரது பெயரோ அட்டையில் வரவில்லை. 'பெயரிலி' என்ற புனைபெயரே வந்தது. 1892இல் பிராங்க் ரீட் நூல்வரிசை தனியாகத் தொடங்கியது. அட்டைப்படங்கள்தாம் அவற்றின் உயிர்: விந்தை இயந்திரம், புகை, சிதறியோடும் மனிதர். சித்திரக்கதை பிறப்பதற்கு முன்னரே அதன் ஒரு சட்டகம் பிறந்துவிட்டது.

இப்போது மாணவனின் கேள்விக்கு நாம் கூறுவதாகச் சொன்ன விடைக்கு வருவோம். ஜூல்ஸ் வேர்ண் 1880இல் 'நீராவி வீடு' என்ற நாவலை வெளியிட்டார். களம் வட இந்தியா; காலம் 1857 எழுச்சிக்குப் பத்தாண்டுகள் பிந்தியது. ஆங்கிலப் பொறியியலாளன் ஒருவன் இரும்பு யானையொன்றைச் செய்கிறான். அதன் வயிற்றிலும் கொதிகலனே; துதிக்கை புகையைக் கக்குகிறது. அது இழுத்துச் செல்லும் இரு வீடுகளிலே வெள்ளைக் கனவான்கள் வேட்டையாடிக்கொண்டு உலாப் போகின்றனர். கதையின் பகைவன் வேறெவருமல்லர், நானா சாகிப். கடைசியில் யானையின் கொதிகலன் வெடிக்கிறது; பின்தொடர்ந்தோர் அழிகின்றனர். அமெரிக்கப் புல்வெளியில் வெடித்த அதே கொதிகலன்! அங்கே அழிந்தோரின் பெயரும் இந்தியர். இங்கே அழிந்தோரின் பெயரும் இந்தியர். ஆகவே, தம்பி, உன் கேள்வி அவ்வளவு நகைப்புக்கிடமானதன்று. அவர்கள் இந்தியாவிலிருந்து போனவர்களல்லர். ஆனால் அவர்கள்மீது ஏவப்பட்ட இரும்பு மனிதனுக்கும் இந்தியாமீது ஏவப்பட்ட இரும்பு யானைக்கும் கொல்லன் ஒருவனே.

ஏகாதிபத்தியத்தின் நடுவே இருந்துகொண்டே இந்தச் சட்டகத்தைத் தலைகீழாகத் திருப்பியவர் எச். ஜி. வெல்ஸ். 1898இல் நூலாக வந்த 'உலகங்களின் யுத்தம்' என்ற நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, தஸ்மானிய மக்களை ஐரோப்பியர் அழித்ததை நினைவூட்டிவிட்டு, செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தின்மீது இறங்குவதைக் கூறுகிறார். கொதிகலன் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் எப்படியிருக்கும் என்று தம் நாட்டாரைக் கேட்ட அந்த நேர்மைக்காகவே வெல்ஸை நாம் என்றும் மதிப்போம்.

சித்திரக்கதையிலே இக்கலவை செழித்து வளர்ந்த இடம் அமெரிக்கா அன்று, இத்தாலி என்பது எமது எண்ணம். 1961 யூனிலே மிலான் நகரிலிருந்து ஸாகோர் வெளிவரத் தொடங்கினான். எழுதியவர் கீடோ நொலிற்றா என்ற புனைபெயரில் மறைந்திருந்த பதிப்பாளர் சேர்ஜியோ பொனெல்லி. வரைந்தவர் கல்லியேனோ பெர்ரி. களம் டார்க்வூட் என்ற கற்பனைக் காடு. காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி. ஸாகோரின் கையிலே கல் பதித்த கோடரி. அவனுடைய பெரும்பகைவன் ஹெலிங்கன் என்ற விஞ்ஞானி. அவன் டைட்டன் என்ற இராட்சத இயந்திர மனிதனை ஏவுகிறான்; பின்னர் வேற்றுலகத்தாரோடும் கூட்டுச் சேர்கிறான். எலிஸின் கதையில் இரும்பு மனிதன் நாயகனின் ஊழியன். இங்கே அவன் ஆதிக்கத்தின் கருவி. நாயகனோ ஆதிக்குடிகளின் பக்கத்தில், கற்கோடரியோடு நிற்கிறான். தொண்ணூற்றுச் சொச்ச ஆண்டுகளில் கதை இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. போரிலே நகரங்கள் குண்டுவீச்சுக்கு ஆளாகியதைச் சிறுவயதிலே கண்ட ஒரு தலைமுறை, இயந்திரத்தைக் கண்டவுடன் கை தட்ட மறுத்ததில் வியப்பில்லை.

ஸாகோரின் பிறப்புக் கதையை நாம் எந்த யதார்த்த நாவலோடும் ஒப்பிடத் தயங்கமாட்டோம். பற்றிக் வைல்டிங் என்ற சிறுவனின் பெற்றோரை, சாலமன் கின்ஸ்கி என்ற வெள்ளையன் தலைமையிலே வந்த அபெனாக்கிகள் கொல்கின்றனர். பையன் வளர்ந்து, பழிவாங்கும் ஒரே நோக்கத்தோடு அவர்களைத் தேடிச் சென்று கொல்கிறான். அப்போதுதான், தன் தகப்பன் இராணுவ அதிகாரியாக இருந்த காலத்தில் அபெனாக்கிப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற உண்மை அவனுக்குத் தெரியவருகிறது. பழிவாங்கியவன் யார், பழிவாங்கப்பட்டவன் யார்? சாகசக் கதையின் அத்திவாரமே பழிவாங்கலின் இன்பந்தான். அந்த அத்திவாரத்தையே தோண்டிப் பார்க்கும் துணிவை ஒரு சிறுவர் இதழிடம் நாம் எதிர்பார்த்திருக்கமாட்டோம். 1968 முதல் நோவி சாட் நகரப் பதிப்பகமொன்றின் வாயிலாக யூகோஸ்லாவியச் சிறுவர்கள் ஸாகோரைத் தம்மவனாக ஏற்றுக்கொண்டனர். அந்த நாடு சிதறிப்போன பின்னரும் சேர்பியரும் குரோவாத்தியரும் அவனை வாசிப்பதை விடவில்லை. ஆட்சியாளர் பிரித்த வாசகர்களை ஒரு கோடரிக்காரன் சேர்த்து வைத்திருக்கிறான்.

எனினும் ஸாகோரிடமும் எமக்கொரு வழக்குண்டு. வித்தைக்காரக் குடும்பமொன்றின் உதவியோடு, வெடியும் புகையும் காட்டி, தெய்வ ஆவியெனக் குலங்களின் முன் தோன்றியே அவன் தலைமையைப் பெறுகிறான். வெள்ளையன் ஏமாற்றினால்தான் ஆதிக்குடிகள் சமாதானமாக வாழ்வார்களாம்! இயந்திர மனிதனை வீழ்த்திய கதை, மூடநம்பிக்கையை வாழவைத்து விடுகிறது. டெக்ஸ் வில்லரும் நவஹோக்களின் தலைவனாகிறான். நல்ல தலைவன்தான், அவர்களின் நிலத்துக்காக வாதாடுகிறான். ஆனால் தலைமைக்கு ஒரு நவஹோ ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி, கதையின் விறுவிறுப்பிலே அமிழ்ந்துபோகிறது.

அமெரிக்காவிலே இவ்வகை 1972இல் ஜோனா ஹெக்ஸோடு புதுவேகம் பெற்றது. பாதி முகம் சிதைந்த, தென்மாநிலப் படைச் சீருடையைக் கழற்றாத அந்த மனிதனை முதலில் வரைந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டின் ரோனி டி சூனிகா. 1985இல் அவனைத் தூக்கி 2050ஆம் ஆண்டிலே போட்டார்கள். பதினெட்டு இதழ்களோடு அந்தச் சோதனை ஓய்ந்தது. 2006இல் 'குதிரைவீரரும் வேற்றுலகத்தாரும்' என்ற சித்திர நாவல் வந்தது. அதன் முன்னுரைப் பகுதி, ஐரோப்பியர் அமெரிக்காவைக் கைப்பற்றியதையும் வேற்றுலகத்தார் பூமிக்கு வருவதையும் அருகருகே வைத்தது. வெல்ஸின் வழி அது. 2011இல் ஹொலிவூட் அதனைப் படமாக்கியபோது அப்பகுதி காணாமற்போயிற்று. படத்திலே, 1873இல், நியூ மெக்சிக்கோப் பிரதேசத்துக்குப் பொன்னைத் தேடி வருகின்றனர் வேற்றுலகத்தார். அபாச்சிகளும் குடியேறிகளும் தோளோடு தோள் நின்று அவர்களை விரட்டுகின்றனர். பொன்னுக்காக வந்து மக்களை வதைக்கும் அந்நியர்! அந்த உருவத்தை அபாச்சிகள் அதற்கு முன்னரே நன்கு அறிவார்கள். அவன் விண்ணிலிருந்து வரவில்லை. பறித்தவன் பறிகொடுத்தவனின் வேடத்தைப் புனைந்துகொண்டு, உண்மையாகப் பறிகொடுத்தவனையே தன் துணைப்பாத்திரமாக நிறுத்திக்கொள்ளும் இத்தகைய கூட்டுறவு எமக்கு உவப்பானதன்று. எலிஸின் பச்சையான பகைமையாவது முகமூடி அணியவில்லை.

1980இல் ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம், கருங்குன்றுகள் முறைப்படி ஈடு செய்யப்படாமல் எடுக்கப்பட்டன எனத் தீர்ப்பளித்து, பத்துக் கோடி டொலருக்கும் மேற்பட்ட நட்டஈட்டை உறுதிப்படுத்தியது. லக்கோட்டா மக்கள் அதனைத் தொடவில்லை. கேட்டது நிலம், பணமன்று. வட்டியோடு அத்தொகை நூறு கோடி டொலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவிலுள்ள மிக வறிய மாவட்டங்கள் சில அவர்களுடைய ஒதுக்கிடங்களிலேதான் இருக்கின்றன. வறுமையிலிருந்துகொண்டு நூறு கோடியை மறுக்கும் மனிதரை எந்தச் சாகசக் கதையும் இதுவரை நாயகராக்கியிருந்தால், அதனை நாம் வெறும் சாகசக் கதையென அழைக்கமாட்டோம்.

அண்மைக் காலத்தில் கோலைத் தாமே கையிலெடுத்திருக்கிறார்கள் அம்மக்கள். 2015இல் கனடாவிலிருந்து 'மூன்ஷொட்' என்ற தொகுதி வெளிவந்தது. வட அமெரிக்க ஆதிக்குடிகளைச் சேர்ந்த எழுத்தாளரும் ஓவியரும் அதற்குப் பங்களித்தனர். பழங்கதையும் எதிர்காலமும் அதிலே பக்கம் பக்கமாக நிற்கின்றன. 2016 நவம்பரிலே நியூ மெக்சிக்கோவின் அல்புகேர்க்கி நகரில் ஆதிக்குடிச் சித்திரக்கதைக் கலைஞரின் முதல் பெருவிழா கூடியது. திரையிலே வேற்றுலகத்தார் வந்திறங்கிய அதே மாநிலத்தில், விண்கலத்தைத் தாமே வரைந்து தாமே செலுத்தும் கதைகளை அவர்கள் விற்பனைக்கு வைத்தனர்.

டெக்ஸையும் டைகரையும் எமக்குத் தந்த சிவகாசி அச்சகங்கள் இவற்றையும் தமிழிலே தருமாயின், கிழியாத அட்டையோடும் கடைசிப் பக்கத்தோடும் வாங்கிக்கொள்ள, கேள்வி கேட்ட அந்த மாணவனையும் அழைத்துக்கொண்டு வரிசையில் நிற்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.